என் வாயால் நானே வாசிப்பேன்

அலோர் காஜா டவுனில் உள்ள ஒரு தனியார் கிளினிக்கின் முன்மேசையில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தேன். நோயாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதுதான் என் வேலையில் பாதி. தமிழ்ப் பேரைத் தமிழாகவும், மலாய்ப் பேரை மலாயாகவும், சீனப் பேரைச் சீனர்கள் சிரிக்காத அளவுக்கும் சொல்லத் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அடுத்த அட்டையை எடுத்து வாயைத் திறந்தேன். பேர் வரவில்லை. கூழ் கொதிப்பது போல ஒரு சத்தம் வந்தது. மறுபடி முயன்றேன். அதே சத்தம். முன்வரிசையில் இருந்த மலாய்க்கார அம்மா எழுந்து நின்று என் முகத்தையே பார்த்தார். அட்டை தரையில் கிடந்தது. என் கைதான் அதை விட்டது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

எங்கள் டாக்டர் ஒரு பார்வையிலேயே புரிந்துகொண்டார். பக்கவாதம். ஆம்புலன்ஸ் வந்தது. எட்டு நாள் மலாக்காவில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். உயிர் தப்பியது, கால் தப்பியது, வலது கை கொஞ்சம் தளர்ந்து போனது. நாக்குதான் தப்பவில்லை. யோசனையெல்லாம் தெளிவாக இருந்தது. சொல்ல வேண்டிய வார்த்தை மனதுக்குள் எழுத்து எழுத்தாக நிற்கும். வாய்க்கு வந்ததும் குழைந்துவிடும். கேட்கிறவர்கள் என்னைப் பைத்தியமென்றோ செவிடென்றோ நினைத்துக்கொண்டு, சத்தமாகவும் மெதுவாகவும் பேசுவார்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று சொல்லவும் அதே வாய்தான் வேண்டியிருந்தது.

நான் கிறிஸ்தவள். என் கணவர் இந்து. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் என்னைக் காரில், எங்கள் பேச்சில் காடியில், ஆலயத்துக்குக் கொண்டுவந்து விட்டு, வெளியே மரத்தடியில் காடியை நிறுத்திப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். உள்ளே வா என்று நானும் கூப்பிட்டதில்லை, போகாதே என்று அவரும் என்னைத் தடுத்ததில்லை. எங்கள் தமிழ்ச் சபையில், ஞாயிறு ஆராதனையில் ஒருவர் முன்னால் போய் நின்று அன்றைக்குரிய வேதப்பகுதியை வாசிப்பார். அந்த வாசகர்களில் நானும் ஒருத்தி. கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்தே வாசித்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாசகர் பட்டியலைக் கதவுப் பக்கத்தில் ஒட்டுவார்கள். பக்கவாதம் வந்த இரண்டாம் மாதம் ஆலயத்துக்குத் திரும்பிப் போனபோது புதுப் பட்டியல் ஒட்டியிருந்தது. மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தேன். என் பேர் இல்லை. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

அதற்குப் பதிலாக வேத வசனங்கள் வந்தன. எங்கள் சபைக்கு ஒரு வாட்ஸ்ஆப் குழு உண்டு. தினமும் காலை ஆறு மணிக்கு ஓர் அக்கா அதில் ரோஜாப்பூப் படத்தின் மேல் வசனம் எழுதி அனுப்புவார். முன்பு நானும் அதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். நோயில் விழுந்த பிறகு ஆளாளுக்கு எனக்கென்று தனியாகவும் அனுப்ப ஆரம்பித்தார்கள். எல்லாம் ஒரே ரகம். அமைதியாக இரு. காத்திரு. பொறுத்திரு. எல்லாம் நன்மைக்கே. அவர்கள் அன்பாகத்தான் அனுப்பினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வாய் போன ஒருத்தியைப் பார்த்து ஒரு ஊரே சேர்ந்து அமைதியாக இரு என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஒரு நாள் போனைச் சோபாவில் வீசினேன். நல்லவேளை, சோபா மெத்தென்று இருந்தது.

அன்றைக்குக் கோபத்தில் வேதத்தைத் திறந்தேன். பழைய வேதம், தோட்டத்தில் இருந்த காலத்தில் அப்பா வாங்கிக் கொடுத்தது. ரோஜாப்பூவின் மேல் யாரும் எழுதாத பக்கங்களைத் தேடிப் புரட்டினேன். யோபுவில் நின்றேன். எல்லாம் போய், உடம்பெல்லாம் புண்ணாகி உட்கார்ந்திருக்கும் அந்த மனுஷன், நான் என் வாயை அடக்கமாட்டேன், என் மனக்கசப்பைப் பேசத்தான் போகிறேன் என்று கடவுளிடமே சொல்கிறான். எத்தனையோ முறை வாசித்த இடம். அன்றைக்குத்தான் அது என் காதில் விழுந்தது. சத்தமாக வாசித்துப் பார்த்தேன். வாயிலிருந்து வந்தது எனக்கே புரியவில்லை. மறுபடி வாசித்தேன். அடுக்களையிலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"யாருகூட சண்ட?"

மேலே கையைக் காட்டினேன்.

"சரி, போடு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒரு முறை போனேன். பயிற்சி கொடுத்தது ஒரு மலாய்ப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். பா, தா, கா என்று உதட்டையும் நாக்கையும் பழக்குவாள். கொடுத்த தாள்கள் எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. ஒரு நாள் என் வேதத்தைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, இதை வைத்துப் பழகலாமா என்று சைகையில் கேட்டேன். அவள் அட்டையில் இருந்த சிலுவையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"போலே கக், போலே," என்றாள். முடியும் அக்கா, தாராளமாக முடியும். பிறகு மலாயிலேயே சொன்னாள்: நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நாக்கு எங்கே போகிறது என்று மட்டும்தான் பார்ப்பேன். தினமும் படியுங்கள், பிடித்ததைப் படியுங்கள். பிடிக்காததை யாரும் தினமும் படிக்கமாட்டார்கள்.

எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்த சொல் 'கர்த்தர்'. அடித்தொண்டை, நுனிநாக்கு, பல் என்று மூன்று இடத்துக்கு ஒரே மூச்சில் ஓட வேண்டும். எனக்கு வந்ததோ 'கத்தத்'. வேதத்தில் பக்கத்துக்குப் பத்து முறை வருகிற சொல் அது. ஒரு மாதம் முழுக்க அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டினேன். இதற்கு மேல் என் குழறலை எழுதிக் காட்டப் போவதில்லை. நான் சொன்ன சொற்களை, நான் சொல்ல நினைத்தபடியே எழுதுகிறேன். இந்தப் பக்கமாவது என் சொல் கேட்கட்டும்.

புது வருடத்தன்று காலை ஆறு மணிக்கு வழக்கம்போல ரோஜாப்பூ வந்தது. ஆறே கால் மணிக்கு, யோபுவின் அந்த வசனத்தை நானே வாசித்துக் குரல் பதிவாகக் குழுவில் போட்டேன். வசனம் ஒன்றுதான், ஆனால் பதிவு ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடியது. எல்லாரும் கேட்டார்கள் என்பது தெரிந்தது. ஒருவரும் எதுவும் எழுதவில்லை. மறுநாள் இன்னொரு வசனம் போட்டேன். யாரோ ஒரு கும்பிடு அனுப்பினார்கள். மூன்றாம் நாள், "நல்லா ரெஸ்ட் எடுங்க சிஸ்டர்" என்று ஒருவர் எழுதினார். நான்காம் நாளும் போட்டேன். ஐந்தாம் நாளும் போட்டேன்.

இரண்டாம் வாரத்தில் ஒரு பெண் வேறு யாருக்கோ அனுப்ப நினைத்ததைத் தவறுதலாகக் குழுவிலேயே போட்டுவிட்டாள். "காலையிலேயே இதக் கேட்டா மனசு ஒரு மாதிரி ஆகுது லா. யாராச்சும் சொல்லக் கூடாதா?" என்று எழுதியிருந்தாள். அரை நிமிடத்தில் அதை அழித்துவிட்டாள். ஆனால் நான் படித்துவிட்டேன்.

அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை. நன்றாக அழுதேன். மறுநாள் காலை ஆறே கால் மணிக்கு, அழுகையும் புலம்பலுமாக இருக்கும் ஒரு சங்கீதத்தை ஐந்து வசனம் சேர்த்து வாசித்துப் போட்டேன். மனசு ஒரு மாதிரி ஆகட்டும். எனக்கும் ஆகிறதே.

ஈஸ்டர் முடிந்த வாரம் சபைச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூட ஆபீசில் கிராணியாக எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். என் மகளின் ஞானஸ்நானத்தில் முதல் ஆளாக நின்றவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அதனால்தான் அவரை அனுப்பியிருக்கிறார்கள் என்பது கோப்பியை ஊற்றும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

உடம்பு, மாத்திரை, மகளின் வேலை என்று சுற்றிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, அந்த வாய்ஸ் மெசேஜ்... கொஞ்ச நாளைக்கு வேணாமே. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். உடம்ப வருத்திக்கிறீங்க."

"உடம்பு வருத்தப்படல அண்ணே. வேற யாரு வருத்தப்படுறாங்க?"

அவர் கோப்பியைப் பார்த்தார். "அதில்ல. பாருங்க, மோசேக்கே நாக்கு மந்தமா இருந்திச்சி. தனக்குப் பேச வராதுன்னு அவரே கடவுள்கிட்ட சொன்னாரு. கடவுள் என்ன செஞ்சாரு? அண்ணன் ஆரோனைக் கொடுத்தாரு, உனக்காக அவன் பேசட்டும்னு. அது மாதிரி, நம்ம சபையிலயும் வாசிக்கிறதுக்கு சின்னப் பிள்ளைங்க இருக்காங்க. அவங்க வாசிக்கட்டும். நீங்க உக்காந்து கேளுங்க."

நான் பதில் சொல்ல நேரம் எடுக்கும். எல்லாரும் அந்த இடைவெளியில் புகுந்து பேச்சை மாற்றிவிடுவார்கள். அவரும் எதையோ சொல்ல வாயெடுத்தார். கையைத் தூக்கி நிறுத்தினேன்.

"அண்ணே, நீங்க பாதியிலயே புத்தகத்த மூடிட்டீங்க. ஆரோன் வந்தாரு, சரி. அப்புறம்? கொஞ்ச நாள்ல மோசேயே பேச ஆரம்பிச்சிட்டாரு. பார்வோன்கிட்டயும் பேசுனாரு, ஜனங்ககிட்டயும் பேசுனாரு. உபாகமத்த எடுத்துப் பாருங்க. முப்பத்திநாலு அதிகாரம், முக்காவாசி மோசே பேசுனதுதான். பேச வராதுன்னு சொன்ன மனுஷன் அவ்வளவு பேசுறாரு. அப்ப ஆரோன் எங்க? செத்துப் போய்ட்டாரு."

இவ்வளவையும் சொல்லி முடிக்க ஐந்தாறு நிமிடம் ஆகியிருக்கும். வாயோரம் வழிந்ததைத் துண்டால் துடைத்துத் துடைத்துச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். அதற்காகவே அவரை மதிக்கிறேன்.

"சரி, இப்ப என்ன செய்யணும்ங்கிறீங்க?"

"பட்டியல்ல என் பேரப் போடுங்க."

பெருமூச்சு விட்டார். வேதத்திலேயே மிகச் சிறிய சங்கீதம் ஒன்று இருக்கிறது, இரண்டே வசனம், அதை ஒரு ஞாயிறு வாசிக்கலாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பது போல இருந்தது.

"வேணாம். அந்தந்த ஞாயித்துக்கு என்ன பாடமோ அதுதான் வேணும். எல்லாருக்கும் கொடுக்கிற மாதிரி."

"எல்லா வாரமும் ஆள் போட்டாச்சி தங்கச்சி. பெந்தெகொஸ்தே ஞாயிறு ஒண்ணுதான் காலியா இருக்கு. அதுல என்ன வருதுன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். பரிசுத்த ஆவி இறங்கிய நாளின் கதை, இருபத்தோரு வசனம். நடுவில், எந்தெந்த நாட்டு ஜனங்கள் கூடியிருந்தார்கள் என்று ஒரு நீண்ட பட்டியல் வரும். நல்ல நாக்கு உள்ளவர்களே அந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள். அதனால்தான் ஒவ்வொரு வருடமும் அந்த ஞாயிறுக்கு ஆள் கிடைக்காது. நான் பின்வாங்கிவிடுவேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"எழுதிக்குங்க," என்றேன்.

ஆறு வாரம் இருந்தது. அதற்குள் கிளினிக்கில் மறுபடி வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தினமும் வேலைக்குப் போகுமுன் அரை மணி நேரம், வந்த பிறகு அரை மணி நேரம். என் கணவர் எதிரே உட்கார்ந்து புத்தகத்தைப் பிடித்துக்கொள்வார். தப்பு வந்தால் மேசையை விரலால் தட்டுவார். வாய்விட்டுத் திருத்தக் கூடாது என்பது என் கட்டளை. கப்பத்தோக்கியா, மெசொப்பொத்தாமியா, பம்பிலியா.

"ஏன்மா, உங்க வேதத்துல வாயில நுழையற மாதிரி ஒரு ஊருகூட இல்லையா?" என்றார் ஒரு நாள்.

"பொந்து இருக்கு."

"பொந்தா? மரப்பொந்தா?"

"அப்படி ஒரு நாடு."

அவருக்கு ஒரே சிரிப்பு. பொந்து நாட்டுக்காரன் எப்படி உள்ளே போவான், எப்படி வெளியே வருவான் என்று லோரி ஓட்டப் போகும்வரை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது என் வாய் இன்னும் அதிகமாகக் கோணும். அவர் முன்னால் மட்டும்தான் அப்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு வந்தது. ஒன்பது மணி ஆராதனை. வழக்கமாகக் காடியிலேயே இருக்கும் கணவர், கதவைப் பூட்டிவிட்டு என் பின்னாலேயே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சாவியைக் கையிலேயே வைத்திருந்தார்.

போதகர் என் பேரைச் சொன்னதும் எழுந்து போனேன். வலது கை தளர்ந்திருந்ததால் இடது கையால் பக்கத்தை அழுத்திக்கொண்டேன். முதல் வசனம் பாதி போயிருக்கும், என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். ஒலிபெருக்கியைக் கவனிக்கும் சகோதரர் சத்தத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருக்கக் கூடாதே என்று அவராகவே செய்த உதவி.

வாசிப்பதை நிறுத்தினேன்.

"மைக்க ஏத்துங்க."

அவருக்குப் புரிந்ததா, புரியாதது போல இருந்தாரா தெரியாது. விரலை மேலே காட்டினேன். அவர் செயலாளரைப் பார்த்தார். ஆலயம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் அப்படியே நின்றேன். ஏற்றினார். என் மூச்சுகூடச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. முதல் வசனத்திலிருந்து மறுபடி தொடங்கினேன்.

பட்டியல் வந்தது. பார்த்தரும் மேதரும் ஒழுங்காகப் போனார்கள். மெசொப்பொத்தாமியாவை நான்கு துண்டாக வெட்டி ஒவ்வொன்றாக வெளியே வைத்தேன். கப்பத்தோக்கியாவில் நாக்கு மாட்டிக்கொண்டது. ஒரு முறை, இரண்டு முறை, வரவில்லை. முன்வரிசையில் இருந்த ரோஜாப்பூ அக்கா, பாவம், மெதுவாக எடுத்துக் கொடுத்தார்.

"இருங்கக்கா, நானே," என்றேன்.

மூன்றாம் முறை வந்தது. பொந்து வந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு செருமல் கேட்டது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பேன்.

ஆனால் சிரிப்பு வேறு இடத்தில் வந்தது. சீஷர்கள் பலவித மொழிகளில் பேசுவதைக் கேட்டு, வேடிக்கை பார்த்தவர்களில் சிலர், இவர்கள் குடித்திருக்கிறார்கள் என்று கேலி செய்கிற வசனம். அதற்கு முந்தின மாதம்தான் கோலா சுங்கை பாருவுக்கு மீன் வாங்கப் போயிருந்தோம். நான் மீனின் பேரைச் சொல்லிக் கேட்டதும், மீன்காரர் பக்கத்தில் இருந்தவரிடம், காலையிலேயே போதை என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். என் கணவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் போனார். நான்தான் அவரை இழுத்துக்கொண்டு வந்தேன். ஆறு வாரம் அந்த வசனத்தைப் பழகியும், சொற்களைப் பிடிக்கிற மும்முரத்தில் அர்த்தம் எனக்கு உறைக்கவில்லை. அங்கே நின்று, அத்தனை பேர் முன்னால் சொல்லும்போதுதான் உறைத்தது. அடுத்து பேதுரு எழுந்து, இவர்கள் குடிக்கவில்லை, இப்போது காலை ஒன்பது மணிதானே என்கிறார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பதரை. வாய் கோணச் சிரித்துவிட்டேன், ஒலிபெருக்கியில். சிலர் கூடச் சிரித்தார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். துண்டால் வாயைத் துடைத்துவிட்டு மீதியையும் வாசித்தேன். நான்கு நிமிடத்தில் முடியும் பாடம் பதினான்கு நிமிடம் எடுத்தது.

ஆராதனை முடிந்து எல்லாரும் மீகூன் சேமியா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்தாள். குழுவில் தவறுதலாக எழுதிய அதே பெண்.

"ரொம்ப ஆசீர்வாதமா இருந்திச்சி அக்கா."

"புரிஞ்சதா?"

திகைத்தாள். "பாதி... பாதி புரிஞ்சது."

"மீதி அடுத்த தடவ," என்றேன். அவளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. நான் சிரித்த பிறகு சிரித்தாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். என் வாசிப்பு நீளமாக இருக்கிறது என்று ஒரு குடும்பம் போதகரிடம் முறையிட்டது. நான் வாசிக்கும்போது மட்டும் வசனத்தைத் திரையில் போடலாம் என்று சபை நிர்வாகக் குழு முடிவு செய்தது. எல்லாருடைய வாசிப்புக்கும் போடுங்கள், இல்லாவிட்டால் எனக்கும் வேண்டாம் என்றேன். இப்போது எல்லாருக்கும் போடுகிறார்கள். காது மந்தமான பெரியவர்களுக்கு ரொம்பச் சந்தோஷம். பட்டியலில் மற்றவர்களைப் போலவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை என் பேர் வருகிறது. கணவர் மரத்தடிக்கும் பேப்பருக்கும் திரும்பிவிட்டார். கிளினிக்கில் என்னை மாத்திரைகளைப் பையில் போட்டுக் கட்டும் உள்ளறைக்கு மாற்றிவிட்டார்கள். முன்மேசையில் இப்போது பேரைக் கூப்பிடுவதில்லை, பலகையில் சிவப்பு எண் வருகிறது. அது எனக்கு இன்னும் வலிக்கிறது. அந்த வலிக்கு எந்த வசனத்தையும் மருந்தாகப் போட நான் தயாராக இல்லை.

வருடம் ஒன்று தாண்டிவிட்டதால் பேச்சில் இனிப் பெரிய முன்னேற்றம் இருக்காது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். அவர் படித்ததை அவர் சொல்கிறார். நான் தினமும் ஆறே கால் மணிக்கு வாசித்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன். குழுவில் பாதிப் பேர் என் பதிவுகளைத் திறப்பதில்லை என்று தெரியும். திறக்கிற மீதிப் பேரில் இரண்டு பேர், ஒரு நாள் பிந்தினால், என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள்.

இன்று காலை யாக்கோபு. விடியும்வரை கடவுளோடு மல்லுக்கட்டி, தொடை சுளுக்கிய பிறகும் பிடியை விடாமல், என்னை ஆசீர்வதித்தால் ஒழிய விடமாட்டேன் என்கிற இடம். 'ஒழிய' என்பதில் உள்ள 'ழ' இன்றைக்கும் வரவில்லை. 'விடமாட்டேன்' முதல் முறையிலேயே சுத்தமாக வந்தது. அனுப்பிவிட்டு, முகம் கழுவி, வேலைக்குக் கிளம்பினேன்.